பழைய இயந்திரத்தின் விலை: தமிழ்க் கடற்கரையில் வெளிப்பொருத்து இயந்திரங்களின் மறுவிற்பனை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நாட்டுப்படகுகளில் பொருத்தப்படும் வெளிப்பொருத்து இயந்திரங்களின் வருகை குறித்து மீன்வள வரலாற்றாய்வுகள் பலவும் பேசியுள்ளன. அவ்வியந்திரங்கள் பழையனவாகிக் கைமாறும்போது அவற்றின் விலை எவ்வாறு உறுதிப்படுகிறது என்பது ஆய்வுக்குரிய பொருளாகப் பெரிதும் கருதப்படவில்லை. பழைய இயந்திரத்தின் விலையை அதன் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. மண்ணெண்ணெய் விலை, எரிபொருள் அனுமதி, உதிரிபாகக் கிடைப்பு, பங்குமுறை ஆகியவையே அதனைப் பெரிதும் வடிவமைத்துள்ளன என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய மூன்று கடற்கரைகளின் சான்றுகள் இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வெளிப்பொருத்து இயந்திரம், மறுவிற்பனை, மண்ணெண்ணெய், நாட்டுப்படகு, தேய்மானம், பங்குமுறை

1. எண்ணப்படாத பொருள்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய 2005ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கடற்கரையில் 58,911 விசைப்படகுகளும், இயந்திரம் பொருத்திய நாட்டுக் கலங்கள் 75,591உம், இயந்திரமற்ற கலங்கள் 1,04,270உம் இருந்தன. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வெண்கள் முறையே 72,559, 71,313, 50,618 என மாறின. ஐந்தாண்டுகளில் இயந்திரமற்ற கலங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை பலராலும் சுட்டப்பட்டுள்ளது. எனினும் இக்கணக்கெடுப்புகள் கலங்களை வகைப்படுத்தி எண்ணினவேயன்றி, அவற்றில் தொங்கிய இயந்திரம் புதியதா, இரண்டாம் கையா, நான்காம் கையா என்பதைக் காட்டவில்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களை இயக்கிய பொருளின் வயது இவ்வட்டவணைகளில் இல்லை.

இவ்விடைவெளிக்குக் காரணம் உண்டு. இருசக்கர வண்டி ஒன்று விற்கப்படும்போது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்ப் பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயர் மாற்றப்பட வேண்டும். படகுக்கும் பதிவு உண்டு. ஆனால் படகிலிருந்து கழற்றித் தனியே விற்கப்படும் இயந்திரத்துக்கு இத்தகைய உரிமைப் புத்தகம் இல்லை. முதல் விற்பனையின் பட்டியல் சீட்டு ஒன்றே அதன் பிறப்புச் சான்று. அதுவும் தொலைந்துவிட்டால், உடலில் பொறித்த வரிசை எண் மட்டுமே எஞ்சும். ஒன்பது, பத்துக் குதிரைத்திறன் கொண்ட ஈரடிப்பு இயந்திரம் ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ எடையுள்ளது. மாலையில் கழற்றி வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாம், அடகு வைக்கலாம், திருடவும்படலாம். படகுக்கு இல்லாத இந்தக் கைக்கடக்கத் தன்மையே இயந்திரத்தைத் தனிச்சந்தைக்குரிய பொருளாக்கிற்று.

2. இயந்திரம் வந்த வழி

சென்னை மாகாணத்தில் சர் பிரெடரிக் நிக்கல்சனின் பொறுப்பில் மீன்வளப் பணியகம் தோன்றிய ஆண்டு 1907. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் தம் வெளிப்பொருத்து இயந்திரத்தை மில்வாக்கியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909இல். ஒரே காலத்தில் தோன்றிய இவ்விரண்டும் தமிழ்க் கடற்கரையில் பரவலாகச் சந்திக்க ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது. தாமதத்துக்குப் பணம் மட்டும் காரணமன்று. கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கலம். கரை சேர்ந்தபின் அவிழ்த்து உலர்த்தப்படுவது. இயந்திரத்தைத் தொங்கவிட உறுதியான செங்குத்துப் பின்பலகை அதற்கு இல்லை. எனவே இயந்திரம் பரவுவதற்குமுன் கலத்தின் வடிவே மாறவேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் நடந்த ஒட்டுப்பலகைப் படகுக் கட்டுமானமும், பின்னர் வந்த கண்ணாடியிழைப் படகும் அம்மாற்றத்தின் படிகள்.

கேரளத்தில் 1952ஆம் ஆண்டு உடன்படிக்கையின்வழி வந்த இந்தோ–நார்வேத் திட்டம் நீண்டகரையில் விசைப்படகுகளையே முன்னிறுத்தியது. நாட்டுப்படகுகளில் வெளிப்பொருத்து இயந்திரம் பெருமளவில் ஏறியது 1980களில். இழுவைமடிப் படகுகளோடு போட்டியிட இயலாத மரபுவழி மீனவர் கைக்கொண்ட தற்காப்பாகவே இதனை ஜான் குரியன் முதலிய ஆய்வாளர்கள் விளக்கினர். அவ்விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் தற்காப்புக்காக வாங்கிய கருவிக்கும் ஆயுள் உண்டு. ஆயுள் முடியுமுன் அது வேறொருவர் கைக்குச் செல்கிறது. புதிய இயந்திரத்துக்கு முதலீடு செய்ய முடிந்தவர் முதலில் மாறினார். அவர் கழித்த இயந்திரத்தைக் கொண்டே அடுத்தவர் மாறினார். இயந்திரமயமாக்கல் ஒரே அலையாக வரவில்லை, கைமாறிக் கைமாறி வந்தது என்று கொண்டால், பழைய இயந்திரத்தின் விலை அவ்வரலாற்றின் நடுவிலேயே அமர்கிறது.

3. விற்பவர் அறிவதும் வாங்குபவர் அறியாததும்

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரை பொருளியல் பயின்றோர் அனைவரும் அறிந்தது. பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே வாங்குபவர் சராசரி விலைக்குமேல் தரத் தயங்குவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க விரும்பாமல் சந்தையைவிட்டு விலகுவார். இறுதியில் எஞ்சுவது குறைப்பொருள் மட்டுமே. அக்கர்லாஃப் 1967–68இல் இந்தியாவில் தங்கியிருந்தவர் என்பதும், அக்கட்டுரையின் ஒரு பகுதி இந்தியக் கிராமக் கடன் சந்தையைப் பற்றியது என்பதும் நம் வகுப்பறைகளில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

பழைய வெளிப்பொருத்து இயந்திரம் இக்கோட்பாட்டுக்குக் காரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு. காரில் ஓடிய தூரம் காட்டும் கருவி இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் எளிய ஈரடிப்பு இயந்திரத்தில் எத்தனை மணிநேரம் ஓடியது என்று காட்டும் கருவி பொதுவாக இல்லை. உப்புநீரே குளிர்விப்பு நீராதலால், ஓட்டம் முடிந்தபின் நன்னீர் செலுத்திக் கழுவினாரா என்பது ஆயுளைத் தீர்மானிக்கும். அது வெளியே தெரியாது. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல முழுமையாக எரிவதில்லை. உருளையிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரி படிந்து வளையங்கள் இறுகும். பெட்ரோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்புவதும் முறை. அதைக் கடைப்பிடித்தவரது இயந்திரமும் கடைப்பிடிக்காதவரது இயந்திரமும் மேலுறையில் ஒன்றுபோலவே இருக்கும்.

இவ்வறியாமையைக் குறைக்கும் சோதனைகள் உள்ளன. கயிற்றை மெல்ல இழுத்து அமுக்கத்தை உணர்தல், உருளைகள் இரண்டாயின் இரண்டிலும் அமுக்கம் ஒத்திருக்கிறதா எனக் காணல், கீழ்ப்பெட்டியின் பற்சக்கர எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தல் ஆகியவை அவை. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். குளிர்விப்பு நீர் வெளிவரும் சிறுதாரை வலுவாக உள்ளதா என்பதும் நோக்கத்தக்கது. நீர்த்தொட்டியில் ஓடுவதைக் காட்டிலும் பாரத்தோடு கடலில் ஓட்டிப் பார்ப்பதே நம்பத்தக்கது. நிறுத்திய சூட்டில் மீண்டும் உடனே எழுகிறதா என்பதும் அப்போது தெரியும். அண்மையில் பூசிய வண்ணம் அழகாயிருந்தாலும் அது உப்பரிப்பை மறைப்பதாகவும் இருக்கலாம்.

கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1978இல் மொராக்கோவின் செஃப்ரூச் சந்தையை ஆராய்ந்து, தகவல் அரிதான சந்தையில் விலையைவிட ஆளைத் தேடுவதே முதன்மையாகிறது என்று காட்டினார். வாங்குபவரும் விற்பவரும் மீண்டும் மீண்டும் சந்திக்கும் உறவே அங்குத் தரச்சான்று. நம் கடற்கரையிலும் இதற்கு இடமுண்டு. ஒரே ஊர்க் கரையில் நிற்கும் இயந்திரத்தின் ஒலியை அவ்வூரார் நாள்தோறும் கேட்கின்றனர். யார் கழுவினார், யார் கழுவவில்லை என்பது மறையாது. எனவே ஊருக்குள் விற்கும் பழைய இயந்திரத்தின் விலையும், அயலூருக்குச் செல்லும் அதே இயந்திரத்தின் விலையும் ஒன்றாயிருக்க நியாயமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொகை அறியாமைக்குத் தரப்படும் கழிவு. அமெரிக்காவில் பழைய படகு, இயந்திரங்களுக்கு அச்சிட்ட விலைக் கையேடுகள் உண்டு. இங்கே அக்கையேட்டின் இடத்தை ஊரும் பழுதுபார்ப்பவரும் நிரப்பினர். அக்கர்லாஃப் காட்டிய சந்தைச் சிதைவு இங்கு முழுமையாக நிகழாமைக்கு இதனையே காரணமாகக் கொள்கிறேன்.

4. எண்ணெய் எழுதும் விலை

பழைய பொருள்கள் அனைத்தும் ஒரே வகையில் விலையிழப்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த சந்தவாசல் போன்ற பட்டு நெசவூர்களை நோக்குக. ஜக்கார்டுப் பெட்டியுடன் கூடிய கைத்தறி பழையதானால் மரமும் கொக்கிகளும் தேயும், பழுது பார்க்கலாம். புதிய வடிவம் வேண்டுமெனில் துளையிட்ட அட்டைகளை மாற்றினால் போதும், பெட்டி அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கைத்தறி புதிய கைத்தறியைக் காட்டிலும் மிகுதியாக எதையும் குடிப்பதில்லை. வெளிப்பொருத்து இயந்திரம் குடிக்கிறது. தேய்ந்த வளையங்களும் கசியும் அடைப்புகளும் கொண்ட பழைய இயந்திரம் அதே தூரத்துக்கு மிகுதியான எரிபொருள் கொள்ளும். அம்மிகை, வாங்கிய நாள்முதல் ஒவ்வொரு கடல்நாளும் செலுத்த வேண்டிய மறைமுக விலை.

இதனை ஒரு கற்பிதக் கணக்கால் விளக்கலாம். பழைய இயந்திரம் மணிக்கு 1 லிட்டர் மட்டும் கூடுதலாக எரிப்பதாகவும், நாளொன்றுக்கு 6 மணிநேரம் ஓடுவதாகவும், ஆண்டில் 200 நாள் கடலுக்குச் செல்வதாகவும் கொள்வோம். மிகை எரிப்பு ஆண்டுக்கு 1,200 லிட்டர். மண்ணெண்ணெய் லிட்டர் 25 ரூபாயாயின் மிகைச்செலவு 30,000 ரூபாய்; 100 ரூபாயாயின் 1,20,000 ரூபாய். இயந்திரம் மாறவில்லை, அதன் தேய்வும் கூடவில்லை. எரிபொருள் விலை மாறியதால் மட்டுமே, தாங்கத்தக்க பழைய இயந்திரம் வாங்கத்தகாத பழைய இயந்திரமாகிறது.

இக்கணக்கு வெறும் கற்பனையன்று என்பதற்கு அண்மை வரலாறு சான்று. பொது வழங்கல் மண்ணெண்ணெயின் விலையை இந்திய ஒன்றிய அரசு 2016 முதல் சிறுசிறு படிகளாக உயர்த்தி மானியத்தைக் கரைத்தது. கேரளத்தில் 2022 ஜூலையில் அதன் விலை லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது. இலங்கையில் மாற்றம் படிப்படியாக வரவில்லை. 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. மேற்கண்ட கற்பித அளவையே அங்குப் பொருத்தினால், பழைய இயந்திரத்தின் ஆண்டு மிகைச்செலவு இலங்கை ரூபாயில் 1,04,400இலிருந்து 4,08,000ஆக ஓர் இரவில் உயர்ந்தது. வடக்கு, கிழக்கின் சிறுபடகு மீனவர் பலரும் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களையே நம்பியிருந்தனர். அங்கு இவை வெளியிணைப்பு இயந்திரங்கள் எனப்படும். ஆகஸ்ட் 20இல் ஒருவர் வீட்டு முற்றத்தில் இருந்த சொத்து, ஆகஸ்ட் 22இல் அதே முற்றத்தில் அதே பொருளாக இருந்தது. விலைதான் வேறு.

எரிபொருளின் விலையைப் போலவே, எரிபொருள் பெறும் உரிமையும் இயந்திரத்தின் விலைக்குள் புகுந்துள்ளது. கேரளத்தில் மானிய மண்ணெண்ணெய் பெற, படகும் இயந்திரமும் அரசுத் துறைகளின் கூட்டுப் பரிசோதனைக்கு உட்பட்டு அனுமதி பெறவேண்டும். குறிப்பிட்ட ஆண்டு வரம்பைக் கடந்த இயந்திரங்களுக்கு அனுமதி மறுக்கப்படும். இவ்விதியின் நோக்கம் முறைகேட்டைத் தடுப்பது. ஓடாத பழைய இயந்திரத்தைக் காட்டி எண்ணெய் பெறும் வழக்கத்தை அது அடைக்க முயல்கிறது. விளைவோ வேறொன்றையும் செய்தது. வரம்புக்கு ஓராண்டு உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கும், ஓராண்டு வெளியே சென்றதற்கும் இயந்திரவியல் வேறுபாடு சிறிது. விலை வேறுபாடு பெரிது. நாட்டுப்படகுகளுக்கு மானிய விலையில் தொழிற்சாலை மண்ணெண்ணெய் வழங்கும் தமிழ்நாட்டிலும், அவ்வுரிமை உள்ள படகுக்கும் இல்லாத படகுக்கும் ஒரே பழைய இயந்திரம் ஒரே மதிப்புடையதாகாது. விற்பனையில் கைமாறுவது இரும்பும் அலுமினியமும் மட்டுமன்று. ஒரு தாளும் உடன் செல்கிறது.

சட்டம் விலையை எதிர்த்திசையில் தள்ளிய காலமும் உண்டு. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்குக் கடலில் மீன்பிடிக்கும் நேரம், தூரம் ஆகியவற்றோடு இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. அத்தகைய சூழலில் வேகமிக்க இயந்திரம் ஐயத்துக்குரிய பொருள். சிறிய, பழைய இயந்திரமே சட்டப்படியான பிழைப்புக் கருவி. திறனுக்கேற்ப விலை உயரும் என்ற வாய்பாடு அங்குத் தலைகீழானது. போர் முடிந்து கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் அவ்வாய்பாடு மீண்டது.

5. உற்றாரற்ற இயந்திரங்கள்

உதிரிபாகம் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எவின்ரூட், ஜான்சன் என்னும் இரு பெயர்களையும் தயாரித்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் நொடித்தது. பெயர்களை வாங்கிய பொம்பார்டியர் வழிவந்த நிறுவனம் 2020இல் எவின்ரூட் உற்பத்தியையும் நிறுத்தியது. 1960இல் முதல் வெளிப்பொருத்து இயந்திரத்தை வெளியிட்ட யமஹாவும், 1965இல் தொடங்கிய சுசுகியும் ஆசியக் கடற்கரைகளில் பரவியமையால், அவற்றின் பழைய இயந்திரத்துக்கு நீர்விசைச் சக்கரமோ வளையமோ அடைப்போ தேடுவோர்க்கு வழியிருந்தது. தூய்மைக்கேட்டு விதிகளால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கைவிட்ட எளிய ஈரடிப்பு வடிவங்கள் இங்குத் தொடர்ந்து விற்கப்பட்டதும் பழையவற்றின் ஆயுளை நீட்டியது. மேற்கில் பழம்பொருளாகிவிட்ட வடிவம் இங்கு இன்னும் நடப்பு வடிவமே.

உதிரி கிடைக்காத இயந்திரத்தின் விலை இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். அதுவே காயலான் கடை விலை. பழம்பொருள் வாணிகத்தில் ஈடுபட்ட காயல்பட்டினத்தாரிடமிருந்து அச்சொல் வந்ததாகப் பொதுவாகச் சொல்வர். கடலோடிகளின் ஊரொன்றின் பெயர், கடலில் ஓடி ஓய்ந்த இயந்திரத்தின் கடைசி விலைக்கும் பெயராக அமைந்தது தற்செயல்தான். எடையும் அலுமினிய விலையும் தெரிந்தால் இவ்வடிவிலையை எவரும் கணக்கிடலாம். பழுதுபார்ப்பவரின் நோக்கில் இது சற்றுக் கூடும், ஏனெனில் இறந்த இயந்திரம் ஒன்று அதே வகையைச் சேர்ந்த மூன்று இயந்திரங்களுக்கு உறுப்பு ஈயவல்லது.

6. பங்கு

மரபுவழி மீன்பிடிப்பில் கூலி இல்லை, பங்கு உண்டு. பிடிபட்ட மீனின் விற்றுமுதலில் எரிபொருள் முதலிய செலவு கழித்து, எஞ்சியது தொழிலாளருக்கும் கலத்துக்கும் வலைக்கும் பிரிக்கப்படும். இயந்திரம் வந்தபின் அதற்கும் பங்கு ஏற்பட்டது. விகிதம் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே: கடலுக்குச் செல்லாதவரும் இயந்திரத்தை உடைமையாகக் கொண்டால் பங்கு பெறுவார். ஆகவே வாங்குபவரின் முன் நிற்கும் கேள்வி இயந்திரத்தின் வயது என்ன என்பதன்று. இன்னும் எத்தனை பருவம் அது பங்கு கொண்டுவரும் என்பதே. எரிபொருட் செலவு பொதுவில் கழிக்கப்படுவதால், பழைய இயந்திரத்தின் மிகை எரிப்பை உடைமையாளர் மட்டும் சுமப்பதில்லை. படகில் ஏறிய அனைவரும் சுமக்கின்றனர். பழைய இயந்திரம் உள்ள படகுக்கு ஆள் கிடைப்பது கடினமாவதும் இதனால்தான். இக்கூறு அக்கர்லாஃபின் சந்தையில் இல்லை. இங்கு வாங்குபவர் தம் பணத்தைக் கொண்டு மட்டும் விலை பேசவில்லை, தம்மோடு வரப்போகும் மூவர் நால்வரின் பொறுமையையும் கணக்கிட்டே பேசுகிறார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் பல இடங்களில் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களுக்கு வழங்கப்பட்டன. குழு பிரியும்போது படகைத் துண்டாக்க முடியாது. ஒருவர் மற்றவர்க்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது விற்றுப் பிரிக்க வேண்டும். விலை கொடுத்து வாங்காத பொருளுக்கு, பயன்படுத்தியபின், உரியவர்களுக்குள்ளேயே விலை காணவேண்டிய நிலை அது. ஒரே நேரத்தில் ஏராளமான இயந்திரங்கள் வந்தமையால் அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் பழையனவுமாயின என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும்.

7. அரசின் ஏடும் ஆய்வாளரின் தேட்டமும்

வருமான வரி விதிகளில் பொது இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம். 1,00,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் பத்தாண்டு முடிவில் ஏட்டில் 19,687 ரூபாய். இக்குறைவு சீரானது, மண்ணெண்ணெய் விலை, அனுமதி, உதிரி, ஊரின் நினைவு எதுவும் அதனைத் தொடாது. மேலே கண்ட சந்தையில் அதே இயந்திரம் இதனைவிட மிகவும் கூடுதலாகவோ, பழைய அலுமினியத்தின் விலைக்கோ போகலாம். தேய்மான வாய்பாடு தவறானதன்று, வரிக்காக அமைந்தது. இழப்பை மதிப்பிட அதனைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல்.

இழப்பீட்டு ஏடுகளில் நிலைமை இன்னும் விந்தையானது. 2015–2020 காலத்துக்குரிய மாநிலப் பேரிடர் நிவாரண நிதி நெறிமுறையில், முற்றும் சேதமுற்ற படகுக்கு 9,600 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 4,100 ரூபாய். முற்றும் சேதமுற்ற வலைக்கு 2,600 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 2,100 ரூபாய் என வகுக்கப்பட்டிருந்தது. படகு, தோணி, கட்டுமரம், வலை என்றே அத்தலைப்பு அமைந்தது. இயந்திரம் அதில் பெயரளவிலும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலோரத்தைத் தாக்கியபோது நடப்பிலிருந்த நெறிமுறை இதுவே. மாநில அரசுகள் தனி ஆணைகளால் கூடுதல் தொகை அளித்ததுண்டு. எனினும் அடிப்படை நெறிமுறையைப் படிக்கும் ஒருவர், இந்நாட்டுக் கலங்கள் இன்னும் பாயிலும் துடுப்பிலுமே ஓடுவதாகக் கருத இடமிருக்கிறது.

இச்சந்தையின் எழுத்துச் சான்றுகளை மீன்வளத் துறை ஏடுகளுக்கு வெளியேயும் தேட வேண்டியுள்ளது. கூட்டுறவுச் சங்கங்களின் கடன் பேரேடுகளில் எதற்காகக் கடன் என்ற பத்தி உண்டு. ஏலப் பதிவுகள் மற்றொரு வழி: 2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை இலங்கை மீன்வளத் திணைக்களம் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய ஐந்து இடங்களில் பறிமுதல் செய்யப்பட்ட 105 இந்தியப் படகுகளை ஏலமிட அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை விசைப்படகுகள் என்பதால் நம் பொருளுக்கு நேரடிச் சான்றாகா. ஆயினும் கடலில் பழையனவாகிக் கரையில் கிடந்த கலங்களுக்கு அரசொன்று விலை காணும் முறையை அப்பதிவுகள் காட்டக்கூடும். இவற்றினும் பயன்மிக்கது காவல்நிலைய முதல் தகவல் அறிக்கை. திருடுபோன பொருளின் விவரத்துக்கும் மொத்த மதிப்புக்கும் அதில் தனித்தனிப் பத்திகள் உண்டு. இயந்திரத்தைப் பறிகொடுத்த மீனவர் அங்கே அதன் தயாரிப்புப் பெயர், குதிரைத்திறன், வரிசை எண் ஆகியவற்றோடு ஒரு தொகையையும் சொல்லியாக வேண்டும். புதிய விலையா, வாங்கிய விலையா, இன்று விற்றால் கிடைக்கும் விலையா, எதனைச் சொன்னார் என்பதைக் கடலோரக் காவல்நிலையங்களின் சில பத்தாண்டு அறிக்கைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் காணலாம்.